மச்சாளின் கையெட்டும் உயரம்

அந்தச் சிவப்பு மெழுகுதிரியை யாரும் ஒருநாளும் கொளுத்தியதில்லை. அண்ணை வீட்டு வரவேற்பறையில், கணப்படுப்புக்கு மேலே ஓடிய மரத்தட்டின் நடுவில், ஒரு பித்தளைத் தாங்கியில் அது அழகுக்காக மட்டும் நின்றது. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் நெருப்பைச் சுற்றியிருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, அது இடுப்பில் வளைந்து தலையைத் தொங்கப்போட்டபடி நிற்பதைக் கண்டேன். அறையில் இருந்த வேறு ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் நெருப்பைப் பார்த்தார்கள், கையிலிருந்த தேத்தண்ணியைப் பார்த்தார்கள், யன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் பார்த்தார்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்தால் என் கண் போகும் இடம் எப்போதும் ஒன்றுதான். அந்த மரத்தட்டு. இங்கே அதை மான்ரில் என்பார்கள். அண்ணை தன் மனைவிக்காக, அதாவது என் மச்சாளுக்காக, தன் கையாலேயே செய்து பூட்டியது அது. அதன் மேல் எனக்கிருந்த பொறாமையைத் தவிர்த்து மச்சாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அண்ணையும் தங்கச்சியான நானும் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் பார்க்டேல் என்ற பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது, அவருக்கு என்னைவிட ஆறு வயது கூட. அறைச் சூடாக்கி பாதி நாட்கள் வேலை செய்யாது. குசினி அலுமாரிகள் செய்யும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. எனக்கு ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்க்கும் இடத்தில் வேலை. நான் சமைப்பேன், அவர் கோப்பை கழுவுவார். குளிர் மிஞ்சினால் தன் கம்பளிக் கோட்டை எடுத்து என் போர்வைக்கு மேல் போட்டுவிட்டு, தான் காலைச் சுருட்டிக்கொண்டு படுப்பார். பட்டறையில் மிஞ்சிய பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து, நான் ஆங்கிலம் படிக்க ஒரு சின்ன மேசை செய்து தந்தார். ஆணித் தலைகள் வெளியே தெரியும், ஒரு கால் கட்டை. அந்த மேசையில் இருந்துதான் நான் ஒரு மருந்துக்கடையில் வேலை எடுக்குமளவுக்குப் படித்தேன். அந்த நாட்களில் எனக்கு ஒரு உறவுதான் இருந்தது, அந்த உறவும் முழுதாக எனக்கே இருந்தது. கஷ்டமான காலம் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் காலத்தை நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு அண்ணைக்குக் கலியாணம் பேசினார்கள். பெண்ணை அழைக்க விமான நிலையத்துக்கு நானும் போனேன். கண்ணாடிக் கதவு திறந்து, என் தோளளவுக்குக்கூட வராத ஒரு சின்ன உருவம், மெல்லிய பருத்திச் சேலையில் நடுங்கிக்கொண்டு வந்தது. அண்ணை தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி மச்சாளின் தோளில் போட்டார். கோட்டுக்குள் அவர் கிட்டத்தட்ட மறைந்துபோனார். எவ்வளவு வடிவு என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கோட்டின் உட்பக்கத் துணி எங்கே கிழிந்திருக்கிறது, அதை எந்த நிற நூலால் நான் தைத்தேன் என்பதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தொடங்கியது அது.

எனக்கும் கலியாணமானது. என் கணவர் நல்ல மனிதர். நெடுந்தூரப் பாரவூர்தி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதிக்கு மேல் வீதியில் இருப்பார், நின்ற ஊரிலெல்லாம் இருந்து எனக்குப் போன் எடுப்பார். ஆனால் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் யாரையாவது கூப்பிட வேண்டும். அவர் பாவம், அவருக்குத் தெரியாமலே நான் அவருடைய கையை என் அண்ணையின் கையோடு வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

ஸ்காபரோவில் ஏரிக்கரை மேட்டுக்குப் பக்கத்தில் அண்ணை ஒரு பழைய செங்கல் வீடு வாங்கினார். வரவேற்பறையில் விறகு எரிக்கும் கணப்படுப்பு இருந்தது. அதற்கு மேல் வெறும் செங்கல் சுவர். மச்சாளுக்கு அந்த இடத்தில் ஒரு மரத்தட்டு வேண்டுமென்று ஆசை வந்தது. அண்ணை எங்கிருந்தோ ஒரு தடித்த செரிப்பழ மரப் பலகை தேடிக் கொண்டுவந்தார். அந்தக் கோடை முழுக்க வீட்டுப் பின்வளவில் அதை இழைத்தார், தேய்த்தார், எண்ணெய் பூசினார், திரும்பவும் தேய்த்தார். விளிம்புகளைக் கூர் தெரியாமல் உருட்டினார், ஏனென்றால் மச்சாளுக்குப் பலகையின் விளிம்பில் கையை ஓடவிட்டபடி நின்று கதைக்கும் பழக்கம். பூட்டும் நாளன்று நானும் அங்கே இருந்தேன். மச்சாளைச் சுவரோரம் நிற்க வைத்து, "கையை நீட்டும் பாப்பம். தேத்தண்ணிக் கோப்பையை வைக்கிற மாதிரி நீட்டும்" என்றார் அண்ணை. மச்சாள் வெட்கத்தோடு கையை நீட்டினார். அந்தக் கை நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். வேறு எந்த அளவும் எடுக்கவில்லை. அந்த உயரத்தில் செங்கல்லை உடைத்து, குழிக்குள் ஒரு மரச்சட்டத்தை இறுக்கி, ஒரு ஆணித் தலையும் வெளியே தெரியாதபடி பலகையை அதில் பொருத்தினார். என் மேசையில் தெரிந்த ஆணித் தலைகள்தான் அப்போது என் நினைவுக்கு வந்தன.

அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்பேன். தூசி தட்டுவதுபோல் அதைத் தடவுவேன். இடது பக்கத்தில் ஒரு கணு, அதைச் சுற்றி நீரில் கல் போட்டதுபோல் வளையங்கள். வலது பக்கத்தில் ரேகைகள் நேராக ஓடும். நடுவில் தேன் நிறம், கரைகளில் கொஞ்சம் சிவப்புக் கூட. மேலே மச்சாளின் பிள்ளைகள் பட்டம் பெற்ற படங்கள், அவரும் அண்ணையும் நயாகராவில் நனைந்து நிற்கும் படம். என் படம் ஒன்றும் இல்லை. இருக்க வேண்டுமென்று யாரும் நினைக்கவுமில்லை. நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்; அவர் என்னோடு ஒருநாளும் கெடுதலாக நடந்ததில்லை. போகும்போதெல்லாம் சாப்பாடு கட்டித் தருவார். ஆனால் அந்தச் சாப்பாட்டோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், ஒரு மனிதருக்குத் தன் மனைவியின் கையெட்டும் உயரத்தை அளந்து ஒரு பொருளைச் செய்யத் தோன்றுகிறதே, அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது, அது ஏன் என் பக்கம் வரவில்லை என்று மனம் பொருமிக்கொண்டே இருக்கும்.

சில குளிர்காலங்களுக்கு முன்பு மச்சாளுக்குச் சுகமில்லாமல் போனது. இரத்தம் குறைந்து, எவ்வளவு உடுப்புப் போட்டாலும் குளிர் விடவில்லை. திறந்த கணப்படுப்பில் எவ்வளவு விறகு போட்டாலும் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். முன்னால் இருப்பவருக்கு முகம் சுடும், முதுகு குளிரும். அண்ணை யாரிடமோ பழைய இரும்பு அடுப்புப்பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். கணப்படுப்பின் குழிக்குள் அப்படியே தள்ளி வைப்பது. முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே விறகு. இரும்பு முழுவதும் சூடேறி அறைக்குள் சூட்டைத் தள்ளும். இன்சேர்ட் என்பார்கள். அதைப் பூட்டுவதற்கென்று தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், நகரசபையில் அனுமதி எடுக்க வேண்டும், பூட்டிய பிறகு பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும். அண்ணை அதொன்றும் செய்யவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் வீட்டுக் குசினிகளை மில்லிமீற்றர் பிசகாமல் பூட்டியவர், தன் வீட்டில் ஒரு பெட்டியைத் தள்ளி வைக்க வேறொருவரைக் கூப்பிடுவதா என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு கூட்டாளியோடு சேர்ந்து ஒரே நாளில் வேலையை முடித்துவிட்டார். மச்சாள் அந்தப் பெட்டிக்கு முன்னால் சோபாவில் மத்தியான நேரங்களில் நித்திரை கொள்ளத் தொடங்கினார். "இப்பதான் எனக்கு எலும்புக்குள்ளை சூடு ஏறுது" என்று எனக்குப் போனில் சொன்னார். கேட்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அப்படி ஒரு சூடு எனக்காக யாரும் வாங்கி வரவில்லையே என்றும் இருந்தது.

மாற்றங்களை நான் ஒவ்வொன்றாகக் கண்டேன். அதே குளிர்காலத்தில், மார்கழி நத்தார்ப் பண்டிகை நேரம் பலகையின் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பூச்சு மங்கியிருந்தது. தைப்பொங்கலுக்குப் போனபோது நடுவிலிருந்த தேன் நிறம் போய், ஒரு உள்ளங்கையளவு கறுப்புத் திட்டு. தடவினால் விரலில் ஒட்டியது. அறையில் ஒரு இனிப்பு வாசம், வெயிலில் கிடந்த பழைய அலுமாரியைத் திறந்தால் வருமே, அதுபோல. மச்சாளும் அண்ணையும் அந்த வாசத்துக்குள்ளேயே இருந்ததால் அவர்களுக்கு அது தெரியவில்லை. மாசியில், அந்த ஞாயிற்றுக்கிழமை, மெழுகுதிரி தலையைத் தொங்கப்போட்டது. நான் எழுந்துபோய் பலகைக்கு அடியில் கையை வைத்தேன். வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன்.

"அண்ணை, உந்த மெழுகுதிரியைப் பாருங்கோ" என்றேன். "சூடு சரியாக் கூடிப்போச்சு. பலகை அடியிலை கறுக்குது. பெட்டிக்கும் பலகைக்கும் இடையிலை இடம் போதாது."

அண்ணை சிரித்தார். "மரத்தைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தரப்போறியோ?"

"மரம் உங்களுக்குத் தெரியும். நெருப்பும் தெரியுமோ?"

அப்படிக் கேட்டிருக்க வேண்டியதில்லை. சுற்றியிருந்த சொந்தக்காரர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணையின் முகம் மாறியது. "பிள்ளை, இவவுக்கு நான் உந்தப் பலகையைச் செய்த நாளிலையிருந்து அது உன்ரை கண்ணுக்கை குத்திக்கொண்டுதான் இருக்கு. அதைக் கழட்டினால்தான் உனக்கு நித்திரை வரும் போலை" என்றார்.

எனக்குக் காது சுட்டது. அண்ணை சொன்னது முழுப் பொய் என்றால் நான் அந்த இடத்திலேயே சண்டை போட்டிருப்பேன். மச்சாள் எழுந்து, "தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, வளைந்த மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நான் என் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் போன் எடுத்தார். வின்னிபெக் தாண்டி எங்கேயோ நிற்பதாகச் சொன்னார். நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். அவர், "உன்ரை அண்ணை சொன்னதிலை பிழை இருக்கோ?" என்று கேட்டார். கோபம் வந்தது. ஆனால் இல்லை என்றுதான் சொன்னேன். "நீ சொன்னதிலை பிழை இருக்கோ?" அதற்கும் இல்லை என்றேன். "அப்ப இரண்டும் உண்மைதானே. உனக்குப் பொறாமை எண்டதுக்காகப் பலகை சுடாமல் விடுமோ?" என்றார். ஆணி அடிக்கத் தெரியாத மனிதர். அன்றைக்கு அவர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என்றாலும் திரும்பவும் அண்ணைக்குப் போன் எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நான் எதைச் சொன்னாலும் அது அந்த ஒரு வாசலால்தான் அவருடைய காதுக்குள் போகும் என்று தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் காலை மச்சாள் போன் எடுத்தார். "இவர் வேலைக்குப் போயிட்டார். நீங்கள் ஒருக்கா இஞ்சை வாறியளோ?" என்றார். எனக்கு அன்று விடுமுறை. பஸ் எடுத்துப் போனேன். கதவைத் திறந்த மச்சாளைப் பார்த்துத் திகைத்துப்போனேன். வீட்டுக்குள்ளே கம்பளித் தொப்பி, கையுறை, தோளைச் சுற்றிப் போர்வை. கணப்படுப்பு சாம்பலோடு கிடந்தது.

"நேற்று நீங்கள் போனாப் பிறகு நான் பத்த வைக்க விடேல்லை" என்றார். "இவர் கோவிச்சுக்கொண்டு படுத்திட்டார்."

"உங்களுக்குக் குளிருமே மச்சாள்."

"குளிருதுதான்." பலகையின் அடியைக் கையால் காட்டினார். "நேற்று நீங்கள் என்ன கண்டனீங்கள் எண்டு எனக்கு ஒருக்கா வடிவாக் காட்டுங்கோ."

நான் காட்டினேன். மங்கிய இடம், கறுத்த திட்டு, பலகை சுவரோடு சேரும் இடத்தில் புதிதாக விழுந்திருந்த மயிரிழை வெடிப்பு. முன்பு இந்த இடம் என்ன நிறத்தில் இருந்தது, எந்த மாதம் எவ்வளவு கறுத்தது என்றெல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னொருத்தியின் வீட்டுப் பலகையை இவ்வளவு நுணுக்கமாக மனப்பாடம் செய்து வைத்திருப்பவளை அவர் என்ன நினைப்பார்? மச்சாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தபடியே சொன்னார்.

"உங்களுக்கு இந்தப் பலகையிலை ஒரு கண் எண்டு எனக்கு எப்பவோ தெரியும். வாற நேரமெல்லாம் தடவிப் பாக்கிறனீங்கள். அதுதான் உங்களைக் கூப்பிட்டனான். இந்த வீட்டிலை உங்களைப் போலை அதைப் பாத்த ஆள் ஒருத்தரும் இல்லை. செய்தவர்கூடச் செய்து முடிச்சாப் பிறகு திரும்பிப் பாக்கேல்லை."

அதில் குத்தல் இல்லை. அவர் காலையிலேயே பரிசோதகர் ஒருவருக்குச் சொல்லி வைத்திருந்தார்; மத்தியானத்துக்குப் பிறகு வருவாராம். அண்ணைக்குத் தெரியாது. "அவர் இருந்தால் விடார்" என்றார். பரிசோதகர் வரும்வரை இருவரும் குசினி மேசையில் இருந்தோம். மின்சார அடுப்பில் எதையோ சூடாக்கிக் கோப்பையில் ஊற்றி எனக்கு முன்னால் வைத்தார். ரசம். ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். மிளகு கொஞ்சம் கூட, உள்ளிப்பூண்டு தோலோடு தட்டிப் போட்டது, கடைசியில் ஒரு துளி தேசிக்காய்ப் புளி. அது என் கைப் பக்குவம்.

"நான் படுத்தால் இவர்தான் ரசம் வைப்பார்" என்றார் மச்சாள். "வைச்சுத் தரேக்கை ஒரு கதை சொல்லுவார். பார்க்டேலிலை தங்கச்சி இப்பிடித்தான் வைச்சவள், தங்கச்சி உள்ளித் தோலை எடுக்க மாட்டாள், தங்கச்சி காய்ச்சலோடையும் எழும்பி வைச்சுத் தந்தவள். கலியாணம் கட்டி வந்த புதுசிலை எனக்கு அந்த ரசம் தொண்டைக்குள்ளை இறங்காது. நான் வைச்சால், நல்லாயிருக்கு, ஆனா தங்கச்சி வைக்கிற மாதிரி இல்லை எண்டுவார். எத்தினை வருசம். கடைசியா நானும் உங்கடை ரசம்தான் வைக்கப் பழகினன். என்ன செய்யிறது."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார். நான் அந்த மேசையில் இருந்தபடி அதைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். அவருடைய தோளில் விழுந்த கோட்டைப் பற்றி நான் நினைத்திருந்த வருடங்களெல்லாம், அவர் என் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் வந்தது இரக்கமல்ல, ஒரு மகிழ்ச்சி. அண்ணை என்னை மறக்கவில்லை என்ற மகிழ்ச்சி. இரக்கம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

பரிசோதகர் ஒரு வெள்ளைக்காரப் பெண். எங்கள் வயதுதான் இருக்கும். தரையில் முதுகு படப் படுத்து, அடுப்புப்பெட்டிக்குப் பக்கத்து இடுக்கில் சின்னக் கண்ணாடி ஒன்றை விட்டு, டோர்ச் அடித்து, பெட்டியில் பொருத்தியிருந்த தகட்டை வாசித்தார். பெட்டியிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் எரியக்கூடிய பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்று அந்தத் தகட்டில் இருக்குமாம். பிறகு நாடாவைப் பிடித்துப் பெட்டியின் மேல்முனையிலிருந்து பலகையின் அடிவரை அளந்தார். கேட்ட தூரத்தில் பாதிகூட இல்லை. வெடிப்பு விழுந்த இடத்தில் ஒரு திருப்புளியை வைத்து மெல்ல அழுத்தினார். அது எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது நுனியில் கரித்தூள். பலகையைத் தாங்கிக்கொண்டு செங்கல்லுக்குள் இருந்த மரச்சட்டம் உள்ளுக்குள்ளேயே கருகிக்கொண்டிருந்தது. மரம் நாள்தோறும் சூடுபட்டுக் காய்ந்தால் அதன் குணமே மாறிவிடும், புதிய மரம் தாங்கும் சூட்டை அது தாங்காது, தீப்பொறி ஒன்றும் படாமலே ஒருநாள் தானாகப் பற்றும், அதுவும் சுவருக்குள்ளே, ஒருவர் கண்ணிலும் படாமல் என்று விளக்கினார். புகை போவதற்கென்று தனிக்குழாய் விடாமல் பழைய புகைபோக்கிக்குள் அப்படியே திறந்துவிட்டதும் பிழை, பெட்டிக் கதவுக்கு முன்னால் கம்பளம் விரித்ததும் பிழை. கதவுப் பிடியில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினார். எல்லாம் திருத்தித் திரும்பவும் பரிசோதிக்கும்வரை இதைப் பற்ற வைக்கக் கூடாது.

அவர் போன பிறகு மச்சாள் சோபாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் உதுக்கு முன்னாலைதானே மச்சாள் படுக்கிறனான்" என்றார். என் கையைப் பிடித்தார். கையுறைக்குள்ளும் அந்தக் கை குளிர்ந்துதான் இருந்தது.

அண்ணை வேலை முடிந்து வந்தபோது நானும் அங்கே இருந்தேன். மச்சாள் என்னைப் போக விடவில்லை. அண்ணை சிவப்பு அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆர் உதுக்கு ஆளைக் கூப்பிட்டது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்" என்றார் மச்சாள். குரல் உயரவில்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு, அண்ணையின் நெஞ்சளவு உயரத்தில் நின்று, ஒரு சொல். அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது. அண்ணைக்கு முன்னால் அப்படி நின்று அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இந்தப் பிறவியில் வராது.

அண்ணை குனிந்து வெடிப்பில் விரலை வைத்தார். பிறகு நிலவறைக்குப் போய்க் கடப்பாரை கொண்டுவந்தார். கோடை முழுக்கத் தேய்த்து மினுக்கிய பலகையை நெம்பிக் கழற்றினார். அதன் பின்புறம் முழுக்கக் கரி. சட்டம் இருந்த குழிக்குள் கையை விட்டபோது அது துண்டு துண்டாக உதிர்ந்து அவருடைய கையில் வந்தது. கையில் கரியோடு தரையில் இருந்துவிட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்கவுமில்லை. என் பக்கம் திரும்பி, "பிள்ளை, மேலை அறைக்குள்ளை சின்ன ஹீற்றர் கிடக்கு. கொண்டுவந்து இவவுக்குப் போட்டுவிடு. குளிரப்போகுது" என்றார். அந்த நிலையிலும் அவருக்கு மச்சாளின் குளிர்தான். நான் படியேறிப் போய் ஹீற்றரைக் கொண்டுவந்து போட்டேன்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. அனுமதி எடுத்தார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் வந்து, புகைபோக்கி முழுக்க உள்ளே உருக்குக் குழாய் விட்டு, பெட்டியை ஒழுங்காகப் பொருத்தினார்கள். முன்னால் தரைக்கு அகலமாகக் கல் பதித்தார்கள். மான்ரில் வேண்டுமென்றால் தகட்டில் சொன்ன உயரத்துக்கு மேலேதான் வைக்கலாம், சுவருக்குள் மரச்சட்டம் கூடாது, இரும்புத் தாங்கிகள்தான் என்றார்கள். அந்த உயரம் மச்சாளுக்கு எட்டாது. அண்ணை மரத்துக்குப் பதில் கல்லில் பதிவாக, அவருக்கு எட்டும் உயரத்தில், ஒன்று வைக்கலாமா என்று யோசித்தார். "கல்லு வேண்டாம். நீங்கள் செய்ததையே மேலை வையுங்கோ. எட்டாட்டிப் பரவாயில்லை" என்றாராம் மச்சாள். பலகையின் கருகிய பாகத்தை அண்ணை நீளவாக்கில் அறுத்து எடுத்தார். அகலம் குறைந்தது, ஆனால் நல்ல மரம் மிஞ்சியது.

ஒருநாள் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் எனக்குத் தானாக எடுத்த முதல் போன். "பிள்ளை, சனிக்கிழமை வா. பலகையின்ரை மற்றக் கரையைப் பிடிக்க உயரமான ஆள் ஒண்டு வேணும்" என்றார். போனேன். என் உயரத்தைச் சொல்லி அம்மா கவலைப்படாத நாள் இல்லை. அன்றைக்கு அது உதவியது. அண்ணை ஒரு கரையில், நான் மற்றக் கரையில். "உயர்த்து... கொஞ்சம் பதி... ஆ, அப்பிடியே பிடி." இரும்புத் தாங்கியில் திருகாணி இறங்கும் சத்தம். அவருடைய பென்சில் காதில் இருந்தது. எத்தனை வருடங்களுக்குப் பிறகு அவரோடு சேர்ந்து ஒரு வேலை செய்கிறேன் என்று நினைத்தேன். கை நோகத் தொடங்கியது, இன்னும் கொஞ்ச நேரம் நோகட்டும் என்று இருந்தது. திரும்பிப் பார்த்தபோது மச்சாள் குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். அதை நான் என் வீட்டுக் கண்ணாடியில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

பரிசோதகர் திரும்பவும் வந்து பார்த்துவிட்டுச் சிவப்பு அட்டையை அவிழ்த்துக்கொண்டு போனார். மச்சாள் இப்போது ஓரளவு சுகமாக இருக்கிறார். கொஞ்சக் காலம், நான் போகும்போதெல்லாம், "மச்சாள், அந்தப் படத்தை ஒருக்கா எடுத்துத் தாங்கோ, தூசி தட்ட வேணும்" என்று என்னைக் கூப்பிடுவார். நான் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பலகை இப்போது அவருக்கு எட்டாது, எனக்கு எட்டும். அதில் எனக்கு ஒரு இரகசியத் திருப்தி இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது கணப்படுப்புக்குப் பக்கத்தில், கல் பதித்த இடத்துக்கு வெளியே தள்ளி, ஒரு சின்ன ஏறுபடி இருந்தது. இரண்டே தட்டு. செரிமரம். பலகையிலிருந்து அறுத்தெடுத்த துண்டில் கருகாமல் மிஞ்சியதை வைத்து அண்ணை செய்திருக்கிறார். விளிம்புகள் உருட்டியிருந்தன. ஒரு ஆணித் தலைகூட வெளியே தெரியவில்லை. மச்சாள் அதில் ஏறி, என் உதவி இல்லாமலே படத்தை எடுத்துத் துடைத்தார். பிறகு அங்கே நின்றபடியே என் பக்கம் திரும்பினார். அவருடைய கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர், ஒரே உயரத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

"என்ன மச்சாள், அப்பிடிப் பாக்கிறியள்?" என்றார். "திரும்பவும் எங்கையும் கருகுதோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம், கொஞ்சம்" என்றேன்.

மச்சாள் சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏறுபடியில் நிற்பவர் விழுந்துவிடாமல் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு அண்ணை குசினிக்குள்ளிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்தார். "என்ன? எங்கை கருகுது?" என்று கேட்டுக்கொண்டே, எங்களை விலக்கிவிட்டு, பலகைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் தடவிப் பார்த்தார்.

"இல்லையே, குளிர்ந்துதான் கிடக்கு" என்றார்.